கிரிஞ்ச்: ஒரு சொல்லின் வேர்வரை செல்ல முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் ஒரு நாள் கேட்டாள்: "மாமா, கிரிஞ்ச் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?" கல்யாண வீட்டில் யாரோ மேடையேறி, நிறுத்தத் தெரியாமல் தன் பெருமையையே பேசிக்கொண்டிருந்த வீடியோ அவள் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்த எனக்கும் தோள்கள் தாமாகவே குறுகின. சொல்லின் பொருள் உடம்பில் தெரிந்துவிட்டது, தமிழ்ச் சொல்தான் உடனே வாய்க்கவில்லை. அதைத் தேடப் போன இடத்தில், இந்தச் சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு போர்க்களத்தில் கிடந்ததைக் கண்டேன்.

நான் தேடிய வழியையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வேறு எந்த ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடவும் இதே வழி உதவும். அகராதியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும், மொழியியல் பட்டம் தேவையில்லை.

முதல் படி: இன்றைய பொருளைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன், அந்தச் சொல்லை மக்கள் எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிரிஞ்ச் என்பதற்கு இன்று மூன்று பயன்பாடுகள் புழக்கத்தில் இருக்கின்றன.

அடி விழப்போகிறது என்ற அச்சத்தில் உடலைச் சுருக்கிப் பின்வாங்குவது ஒன்று. அதிகாரம் உள்ளவர் முன் கூனிக் குழைந்து நிற்பது இன்னொன்று. மூன்றாவதுதான் இளைஞர்கள் வாயில் இருப்பது: தானோ பிறரோ செய்த அசட்டுத்தனத்தைப் பார்த்து உள்ளுக்குள் கூசிப்போவது. முதல் இரண்டிலும் கிரிஞ்ச் வினைச்சொல். மூன்றாவதில் அது பெயரடையாகவும் மாறிவிட்டது. "அந்தப் பாட்டு ஒரே கிரிஞ்ச்" என்று நம் பிள்ளைகள் சொல்வது அந்தப் பெயரடையைத்தான்.

மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்டுப் பாருங்கள். உடல் வளைகிறது, சிறுத்துப்போகிறது. இந்த ஒரு குறிப்பை மறந்துவிடாதீர்கள், வேர் இதற்குள்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: அண்டைச் சொற்களிடமிருந்து பிரித்தெடுங்கள்

ஆங்கிலத்தில் பின்வாங்கிச் சுருங்குவதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு காட்சியோடு நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

முகத்துக்கு நேரே கை ஓங்கப்படுகிறது, கண் இமை தானாக மூடித் தலை விலகுகிறது. அது ஃப்ளின்ச். அடி விழ வேண்டும் என்பதில்லை, விழும் என்ற எதிர்பார்ப்பே போதும். ஊசி ஏறிய கணத்தில் முகம் சுளிக்கிறது என்றால் அது வின்ஸ், வலியோடு சேர்ந்து வருவது. பயந்த குழந்தை மூலையில் குந்தி ஒடுங்கிக் கிடந்தால் அது கவர் (cower). துப்பாக்கி சுட்டவுடன் தோளை உதைத்துப் பின்னால் வருவது ரீகாயில். அருவருப்பில் சட்டென்று பின்னடைவதற்கும் இதே சொல்தான்.

இவற்றின் வேர்களிலும் சுவை உண்டு. வின்ஸ் என்பது இடைக்கால ஆங்கிலத்தில் குதிரை பொறுமையிழந்து உதைப்பதைக் குறித்தது. ஹாம்லெட் நாடகத்தில் சேணம் உரசிப் புண்ணான குதிரை 'வின்ஸ்' செய்யட்டும் என்று வரும் வரியில் அந்தக் குதிரை இன்னும் நிற்கிறது. ரீகாயில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதன் நடுவே இருப்பது 'க்யூல்', அதாவது பிட்டம். முன்பக்கம் பார்த்தபடியே பின்பக்கமாக நகர்வதுதான் மூலப் பொருள். நம் 'பின்வாங்கு' என்ற சொல்லிலும் 'பின்' இருக்கிறது.

கிரிஞ்ச் இவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது? மற்றவை பெரும்பாலும் கணப்பொழுதில் நிகழும் உடலின் எதிர்வினைகள். கிரிஞ்ச் என்பதற்கு எதிரே எப்போதும் இன்னொரு மனிதன் இருக்கிறான்: அஞ்சப்படுகிறவன், வணங்கப்படுகிறவன், அல்லது பார்த்துக்கொண்டிருப்பவன்.

மூன்றாம் படி: வரலாற்று அகராதியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சாதாரண அகராதி இன்றைய பொருளை முதலில் தரும். நமக்கு வேண்டியது பழைய பொருளை முதலில் தரும் அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அந்த வகை. அதன் முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது, முழுப் பணியும் 1928-இல்தான் முடிந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அது முதன்முதலில் எழுத்தில் காணப்பட்ட இடத்திலிருந்து மேற்கோள்களைக் கால வரிசையில் அடுக்குவது அதன் பெருமை. அதற்குக் கட்டணம் உண்டு, பெரிய நூலகங்களில் கிடைக்கும். இடைக்கால ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அகராதியையும், பழைய ஆங்கிலத்துக்குப் பாஸ்வொர்த்–டோலர் அகராதியையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

படிக்கும்போது ஒரு குறியைக் கவனியுங்கள். சில சொற்களுக்கு முன்னால் உடுக்குறி (*) இருக்கும். அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கியது என்று பொருள். உடுக்குறி இல்லாதது யாரோ ஒருவர் உண்மையாகவே எழுதிவைத்த சொல். இந்த வேறுபாட்டை மறப்பவர்கள்தான் சொல்லாராய்ச்சி என்ற பெயரில் கதை கட்டுகிறார்கள்.

நான்காம் படி: மிகப் பழைய வாக்கியத்துக்குள் போய் நில்லுங்கள்

அகராதி உங்களைக் 'கிரிங்கன்' என்ற பழைய ஆங்கில வினைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சிங், சாங், சங் என்று இன்றும் மாறும் வினைகளைப் போல, அது கிரிங்கன், கிராங், குருங்கன் என்று மாறியது. அதற்கு எழுதியிருக்கும் பொருளைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்: விழுதல், போரில் மடிதல்.

பொருளைப் படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சொல் வரும் இடத்தைத் தேடிப் படியுங்கள். சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

991-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், மால்டன் ஊருக்கு அருகே, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் படை ஒன்று ஆற்று முகத்துவாரத்தில் வந்து இறங்கியது. அவர்களை எதிர்த்தவர் பிர்ட்நோத் என்ற முதிய தலைவர். நடுவே நீரும் ஒரு குறுகிய கடவையும் இருந்தன. எதிரிகள் தங்களைக் கரைக்கு வர விடும்படி கேட்டார்கள், அவர் விட்டார். அது அவருடைய மிதமிஞ்சிய பெருமிதம் என்கிறது அந்தப் போரைப் பாடிய கவிதை. பிர்ட்நோத் வீழ்ந்தார். உடனே காட்ரிக் என்பவன் தலைவரின் குதிரை மேலேயே ஏறி ஓடினான். ஓடுவது தலைவர்தான் என்று எண்ணிப் பலர் சிதறினார்கள். கேடய வரிசை உடைந்தது.

அந்தத் துரோகத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்தவன் ஆஃபா. ஓடாமல் நின்றான், வெட்டுண்டு விழுந்தான். அவன் தன் தலைவனிடம் முன்பே செய்திருந்த சூளுரையைக் கவிதை நினைவுகூர்கிறது: இருவரும் நலமாக ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையேல் படை நடுவே 'கிரிங்கன்' ஆக வேண்டும், களத்தில் புண்பட்டு மடிய வேண்டும். அவன் சொன்னபடியே தலைவனின் அருகில் கிடந்தான் என்று முடிக்கிறது.

இன்றைக்கு அஞ்சிச் சுருங்குவதைக் குறிக்கும் சொல், அன்று அஞ்சாமல் நின்று செத்தவனின் வாயில் இருந்திருக்கிறது. தப்பி ஓடிய காட்ரிக்குக்குப் பொருந்த வேண்டிய சொல் என்று நாம் இன்று நினைப்பது, அன்று ஆஃபாவுக்குரிய சொல்லாக இருந்தது.

இந்த வரி நமக்குக் கிடைத்திருப்பதே பெரும் பேறு. கவிதையின் கையெழுத்துப் படி 1731-இல் காட்டன் என்பவர் பெயரிலான நூலகத்தில் பற்றிய தீயில் எரிந்துவிட்டது. அதற்கு முன்பே ஒருவர் படியெடுத்து வைத்திருந்ததால் 325 வரிகள் தப்பின. பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்திலும், இடிந்த நகரத்தைப் பாடும் 'பாழடைந்த ஊர்' என்ற கவிதையிலும் இதே வினை, மக்கள் கூட்டமாக மடிந்ததைச் சொல்லும் இடத்தில் வருகிறது.

ஐந்தாம் படி: ஒலி மாறியதற்குக் காரணம் கேளுங்கள்

கிரிங்கன் என்பதில் 'ங்க' இருக்கிறது, கிரிஞ்ச் என்பதன் இறுதியில் 'ஞ்ஜ்' என்று ஒலிக்கிறது. தேய்ந்து மாறிவிட்டது என்று கடந்து போகாதீர்கள். ஒலி மாற்றத்துக்கு விதி உண்டு. விதி சொல்ல முடியாத இடத்தில் உறவும் சொல்லக் கூடாது.

தமிழில் உண் என்பதிலிருந்து ஊட்டு வருகிறது. ஆடு–ஆட்டு, ஓடு–ஓட்டு, வீழ்–வீழ்த்து எல்லாம் அப்படியே. தானே செய்வது ஒன்று, பிறரைச் செய்ய வைப்பது மற்றொன்று. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு எல்லாம் சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலும் இப்படி ஒரு முறை இருந்தது. வினையின் உயிரொலியை மாற்றி, பின்னால் யகரம் போன்ற ஓர் ஒலியைச் சேர்த்தால் பிறவினை வந்துவிடும். அந்த யகர ஒலி தனக்கு முன்னால் நின்ற ககரத்தை மென்மையாக்கிச் சகர, ஜகர ஒலிகளாக மாற்றிவிட்டது. டிரிங்க் என்றால் குடி. அதன் பிறவினைதான் டிரென்ச். முதலில் 'குடிக்க வை' என்று பொருள், இன்று தொப்பலாக நனைப்பது.

கிரிஞ்ச் வந்த வழியும் இதுவே. போரில் விழும் கிரிங்கன் வினைக்கு, 'வளையச் செய்' என்ற பிறவினை ஒன்று இருந்திருக்க வேண்டும். அது பழைய ஆங்கில ஏடுகளில் கிடைக்கவில்லை, நான் சொன்ன உடுக்குறியோடுதான் எழுதுவார்கள். ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் அதன் வழித்தோன்றல் எழுத்தில் வந்துவிடுகிறது. ஆகவே இன்றைய கிரிஞ்ச் ஆஃபா சொன்ன சொல்லின் நேர் மகன் அல்ல, அதன் பிறவினைக் கிளையில் வந்தது. விழுந்தவனைக் குறித்த சொல்லுக்குப் பக்கத்திலேயே வளைத்தவனைக் குறித்த சொல் வளர்ந்திருக்கிறது. பொருள் எப்படி இறங்கியது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த இலக்கணத்திலேயே இருக்கிறது.

ஆறாம் படி: உறவினர்களைச் சந்தியுங்கள்

ஒரு சொல்லின் மூலப் பொருளை அதன் பங்காளிகள் காட்டிக்கொடுப்பார்கள். டச்சு மொழியில் கிரிங் என்றால் வட்டம். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் கிரிங்லா என்றாலும் வட்டம்தான். ஐஸ்லாந்தின் ஸ்நோரி எழுதிய மன்னர் வரலாறு 'உலக வட்டம்' என்ற தொடரோடுதான் தொடங்குகிறது, அதில் உள்ளது இந்தச் சொல். ஆங்கிலத்தில் துணி கசங்கிச் சுருங்குவதைக் குறிக்கும் கிரிங்க்கிளும் இந்தக் குடும்பம். ஜெர்மனில் கிராங்க் என்றால் நோயுற்றவர், முன்பு அது வலுவிழந்ததைக் குறித்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் கிராங்க் ஷாஃப்ட் என்கிறோமே, அந்த வளைந்த தண்டின் பெயரும் இங்கிருந்துதான்.

வட்டம், கசங்கல், வளைந்த தண்டு, தளர்ந்த உடல். எல்லாவற்றிலும் இருப்பது வளைவு. முதல் படியில் நாம் குறித்துவைத்ததும் அதுவே. வெட்டுண்ட வீரன் நெடுமரமாய்ச் சாய்வதில்லை, உடல் மடங்கிச் சுருண்டு விழுகிறான். அந்தச் சுருளலைத்தான் பழைய சொல் கண்டிருக்கிறது.

இந்தப் படியில் ஓர் எச்சரிக்கை. தமிழில் குறுகு இருக்கிறது, சுருங்கு இருக்கிறது, வளைதலைக் குறிக்கும் குரங்கு என்ற பழைய வினையும் இருக்கிறது. உடனே "கிரிஞ்ச் தமிழிலிருந்து போனதுதான்" என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். ஒலி ஒத்திருப்பது சான்றாகாது. எந்த நூற்றாண்டில், யார் வழியாக, எந்த ஒலி விதியின்படி என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். நம் மொழிக்குள்ளேயே தோற்றம் ஏமாற்றும். விழுப்புண் என்பதைப் பார்த்தால் விழுந்ததால் பட்ட புண் என்று தோன்றும். அங்குள்ள விழு மேன்மையைக் குறிப்பது. மார்பில் பட்ட சிறந்த புண் என்பதே பொருள். தமிழின் மேல் அன்பு உள்ளவர்கள்தான் இந்தக் கவனத்தை முதலில் கைக்கொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். பொய்ச் சான்று ஒன்று அகப்பட்டால், உண்மையான நூறு சான்றுகளின் மேலும் ஐயம் விழும்.

ஏழாம் படி: பொருள் திரும்பிய இடங்களைக் குறியுங்கள்

இனி நூற்றாண்டு நூற்றாண்டாகக் கீழே இறங்கி வர வேண்டும். எல்லா மேற்கோளையும் படிக்கத் தேவையில்லை, திருப்பங்கள் போதும்.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேக்ஸ்பியரின் 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தில் ஆண்டனி, சீசரின் தூதனைச் சாட்டையால் அடிக்கச் சொல்கிறான். சிறுவனைப் போல முகத்தை 'கிரிஞ்ச்' செய்து, இரக்கம் கேட்டு அலறும்வரை அடியுங்கள் என்கிறான். இங்கே வளைவது முகம். சொல் இன்னும் உடலோடுதான் ஒட்டியிருக்கிறது.

1667-இல் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' வெளிவருகிறது. நான்காம் காண்டத்தில் சாத்தானும் காப்ரியேல் தேவதூதரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இறைவன் அரியணைக்குப் பாட்டுப் பாடுவதும், பழகிய தூரத்தில் நின்று 'கிரிஞ்ச்' செய்வதும்தான், போரிடுவதல்ல என்று சாத்தான் இகழ்கிறான். காப்ரியேல் அதே சொல்லைத் திருப்பி வீசுகிறார்: உன்னைவிட அதிகமாக அவர் முன் குழைந்து, 'கிரிஞ்ச்' செய்து, அடிமையாய்த் தொழுதவன் யார்?

சாத்தானின் வரியை மீண்டும் படியுங்கள். கிரிஞ்ச் ஒரு பக்கம், போர் மறுபக்கம். மால்டனில் போரின் உச்சமாக இருந்த சொற்குடும்பத்தின் பிள்ளை, ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழித்துப் போருக்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது. இந்த வரியைக் கண்ட நாளில்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

இது எப்படி நடந்தது என்பதை ஒரு தமிழருக்கு விளக்க இரண்டே தொடர்கள் போதும். களத்தில் விழுந்தான். காலில் விழுந்தான். வினை ஒன்றே, உடல் செய்வதும் ஏறக்குறைய ஒன்றே. முன்னதற்கு நாம் நடுகல் நட்டோம், பின்னதைக் கண்டு முகம் சுளிக்கிறோம். தமிழில் இரு பொருளும் ஒரே வினையில் இன்றும் பக்கம் பக்கமாக வாழ்கின்றன. ஆங்கிலத்தில் களம் மறைந்துவிட்டது, கால் மட்டும் மிஞ்சியது.

அடுத்த திருப்பம் 1950. மெல்போர்னில் பள்ளி ஆசிரியராக இருந்த இலக்கிய விமர்சகர் ஏ. ஏ. ஃபிலிப்ஸ், மீன்ஜின் இதழில் 'கலாசார கிரிஞ்ச்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்திரேலியர்கள் தங்கள் எழுத்தைப் படிக்கும்போதே, பண்பட்ட ஓர் ஆங்கிலேயர் இதைப் பற்றி என்ன நினைப்பார் என்று உள்ளுக்குள் ஒடுங்குகிறார்கள் என்பது அவருடைய கவலை. இங்கே குனிவதற்கு எதிரில் ஆளே இல்லை. எசமான் மனத்துக்குள் குடியேறிவிட்டான். ஆங்கில உச்சரிப்பு பிசகினால் கூனிப்போகும் எந்த நாட்டவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, நமக்கும்தான்.

அங்கிருந்து இன்றைய பொருளுக்கு ஓரடிதான். அச்சம் கழன்றுவிட்டது, வெட்கம் மட்டும் நின்றது. இணையம் அதைப் பெயரடையாக்கி உலகெங்கும் அனுப்பியது. 2021-இல் ஜெர்மனியில் லாங்கன்ஷைட் பதிப்பகம் நடத்தும் 'ஆண்டின் இளைஞர் சொல்' தேர்வில் கிரிஞ்ச் வென்றது. தன் உறவுச் சொற்கள் ஏற்கெனவே வாழும் வீட்டுக்கு, ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு விருந்தாளியாகப் போயிருக்கிறது.

எட்டாம் படி: தமிழில் இடத்துக்கேற்ற சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்து எல்லா இடத்திலும் ஒட்டப் பார்ப்பதுதான் மொழிபெயர்ப்பில் நேரும் பெரும்பிழை. இத்தனை திருப்பங்கள் உள்ள சொல்லுக்கு அது சரிவராது.

மால்டன் கவிதையை மொழிபெயர்த்தால் வீழ்தல், மடிதல். சாட்டையடிக் காட்சிக்கு முகம் கோணுதல். மில்டனுக்குக் கூனிக்குறுகுதல். எசமானுக்கு முன் நிற்கும் காட்சி என்றால் கைகட்டி நிற்பதும் குழைவதும் சேரலாம். ஃபிலிப்ஸின் தொடருக்குத் 'தாழ்வு மனப்பான்மை' என்று எழுதுவார்கள். அது நோயின் பெயர் போல இருக்கிறது, உடல் ஒடுங்கும் படம் அதில் இல்லை. 'பண்பாட்டுக் குறுகல்' என்று எழுதினால் படம் நிற்கும் என்பது என் கருத்து.

இன்றைய பொருளுக்கு நம்மிடம் அருமையான வினை ஒன்று உண்டு: கூசு. வெயிலில் கண் கூசுகிறது, புளி தின்றால் பல் கூசுகிறது, பொய் சொல்ல நாக் கூசுகிறது, கேட்கவே காது கூசுகிறது. உடலில் தொடங்கி மனத்துக்குள் போகும் அதே பாதை. பிறர் செய்ததைப் பார்த்து நமக்கு வரும் வெட்கம் என்ற நுணுக்கமும் நமக்குப் புதிதல்ல. 'பிறர்பழியும் தம்பழியும் நாணுவார்' என்று நாணுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். அப்படிப்பட்டவர்களை நாணத்துக்கே உறைவிடம் என்கிறது குறள். இன்றைய கிரிஞ்ச்சில் ஏளனம் கலந்திருக்கிறது, குறளின் நாணத்தில் அது இல்லை. அந்த வேறுபாட்டை மறைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

என் அக்கா மகளுக்கு நான் சொன்ன விடை கூசு என்பதுதான். "அப்படியானால் கிரிஞ்ச் வீடியோ என்பதைக் கூச்ச வீடியோ என்று சொல்லலாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கூடாது. கூச்சம் என்ற பெயர்ச்சொல் தயக்கத்தையும் தொடுகூச்சத்தையும் குறிக்கப் போய்விட்டது. கூச்சப்படுகிறவன் அந்த மேடையில் ஏறவே மாட்டான். பெயராக்காமல் வினையாகவே விடுங்கள்: "பார்க்கவே கூசுகிறது", "கூச வைக்கிறது", "கூச வைக்கும் பேச்சு". கதையில் ஓர் இளைஞன் பேசும் இடம் வந்தால் மட்டும் கிரிஞ்ச் என்றே எழுதிவிடுங்கள், அவன் வாயில் அதுதான் வரும்.